படத்தில் எது பொய்

போன மாதம் தேன்மொழி போன் செய்தாள். நான் அச்சு ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, ஷீட் சரிபார்க்கும் பிரிவில் என் மேசைக்கு வந்தவள் அவள். யாரோ ஒரு பையன் மேலாளரைக் கேலி செய்து படம் போட்டு, வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டானாம். அவன்மேல் விசாரணை. விசாரணையில் தன் பக்கம் துணைக்கு உட்காரும்படி இவளைக் கேட்டிருக்கிறான். "அக்கா, நீ ஒருவாட்டி உக்காந்தியாமே. இன்னா கேக்கணும், இன்னா பேசக் கூடாதுன்னு சொல்லேன்" என்றாள். போனில் சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அறிவுரையாக ஒன்றும் வரவில்லை. நடந்ததுதான் வந்தது.

நான் கவரப்பேட்டைக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வெளிநாட்டுக்குப் புத்தகம் அச்சிட்டு அனுப்பும் ஆலை வந்தபோது, எங்கள் தெருப் பெண்கள் சிலர் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். முதலில் தாள் மடிப்பு, பிறகு அட்டை ஒட்டுவது, பிறகு சரிபார்ப்பு. நடுவில் சில வருஷம் தவிர, ஓய்வு பெறும்வரை சரிபார்ப்புதான்.

அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். அச்சாக வேண்டிய படத்துக்கு வாடிக்கையாளர் ஒரு ஷீட்டில் சரி என்று கையெழுத்துப் போட்டிருப்பார். அது என் மேசைக்கு மேலே விளக்கடியில் தொங்கும். மெஷின் ஓட ஓட நடுவில் ஒரு ஷீட்டை உருவி வந்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிறம் ஒத்துப்போகிறதா, நான்கு மையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பொட்டு விழுந்திருக்கிறதா. உருளையில் சுற்றியிருக்கும் அச்சுப் பிளேட்டில் தூசோ காய்ந்த மைத் துணுக்கோ ஒட்டிக்கொண்டால், படத்தில் அந்த இடத்தில் வெள்ளை வளையம் விழும். நாங்கள் அதை வெள்ளைப் பொட்டு என்போம். பார்த்ததும் சிவப்புப் பென்சிலால் சுற்றி வட்டம் போட்டு மெஷினுக்கு அனுப்பவேண்டும். அவர்கள் மெஷினை நிறுத்தி, உருளைக்கு முன்னால் இருக்கும் இரும்பு மூடியைத் திறந்து, பிளேட்டைத் துடைத்து, மூடி, மறுபடி ஓட்டுவார்கள். மூடி திறந்திருந்தால் மெஷின் ஓடாது. கை போகக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருந்தார்கள்.

உற்பத்தி மேலாளர் சந்தானம் சார். அவர் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மெஷின் துடைக்கிறவரைக்கூட "நீங்க" என்பார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கும் இடத்தில் அவர் மடக்கு லென்ஸ் வைத்திருப்பார். ஷீட்டைப் பார்ப்பதற்கு முன் அதைக் கைக்குட்டையால் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை பேசக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. ஆனால் யாரும் பேசமாட்டோம். குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்டெல்லா, இடது மூலையில நீலம் ஒரு முடி தள்ளி இருக்கு" என்பார். அவ்வளவுதான். பாராட்டு கிடையாது, திட்டு கிடையாது. எது ஒத்துப்போகவில்லையோ அதை மட்டும் சொல்வார். திட்டியிருந்தால் சாப்பாட்டு நேரத்தில் பேசித் தீர்த்திருப்போம். இது வீடுவரை கூடவே வரும்.

நெடுஞ்சாலையை அகலமாக்கிக்கொண்டிருந்த வருஷங்களில் அந்தப் புத்தகம் வந்தது. லண்டனில் ஒரு பதிப்பகத்தார் அனுப்பியது. இருநூறு வருஷத்துக்கும் முன்னால் அவர்கள் நாட்டில் பெரிய மந்திரியாக இருந்த ஒருவரின் படங்கள். இடது பக்கம் எண்ணெய் ஓவியம்: கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துத் துணி, பின்னால் சிவப்புத் திரை. வலது பக்கம் அவரைக் கேலி செய்து அந்தக் காலத்தில் அச்சடித்து விற்ற படங்கள். ஒன்றில் கொக்குக் காலோடு நிற்பார். ஒன்றில் கிழவியின் இடுப்புச் சுருக்குப் பையில் வரிக்காகக் கைவிட்டுக்கொண்டிருப்பார். எல்லாவற்றிலும் மூக்கு முழ நீளம். அவர் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் மூக்கர் என்றே வைத்துவிட்டோம். "மூக்கரு ஷீட்டு எத்தினி ஆச்சு?" என்றுதான் பேச்சு.

சந்தானம் சாருக்கு அந்தப் புத்தகத்தில் தனி ஆசை. சரிபார்ப்பு மேசைக்கு வந்தால் அவராகவே ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் சொல்வார். "இடது பக்கம் இருக்கறது அவர் பணம் கொடுத்து வரைய வெச்சது. வலது பக்கம் இருக்கறது ஜனங்க பணம் கொடுத்து வாங்கினது. ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் ஆள் தெரியும்." அப்படி ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தபோது நூர்தீன் அங்கே இருந்தான். பழவேற்காட்டுப் பையன். தாத்தா காலத்தில் துணி வியாபாரம் செய்த குடும்பம், அப்பா காலத்தில் கடை கைமாறிவிட்டது. பிளேட் செய்யும் அறையில் வேலை. ஓய்ந்த நேரத்தில் கழிவுத் தாளில் எங்களையெல்லாம் வரைவான்.

"வரைஞ்சவன இன்னா பண்ணாங்க சார்?" என்று கேட்டான்.

"ஒண்ணும் பண்ணல. அந்த மந்திரியே கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிப் பாப்பாராம்" என்றார் சார், சிரித்துக்கொண்டே.

கேலிப் படங்களை அச்சிடுவதில் தொல்லை இல்லை. கோடுகள்தான், பொட்டு விழுந்தாலும் தெரியாது. ஓவியங்கள்தான் பேஜாரு. பின்னணி முழுக்க இருட்டு மை. தாளிலும் அந்த முறை தூசு அதிகம். லண்டனிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். முதல் ஓவியத்தில் மூக்கரின் கன்னத்தில் வெள்ளைப் பொட்டு இருந்தது. அடித்து வைத்திருந்ததை மொத்தமாகச் செல்லாது என்று தள்ளிவிட்டுப் போனார். கப்பல் நாள் குறித்தாகிவிட்டது. நான் வட்டம் போட்டு அனுப்ப அனுப்ப மெஷின் நின்று நின்று ஓடியது. நின்று ஓடினால் நிறம் மாறும். நிறம் மாறினால் அதற்கும் வட்டம்.

மறுபடி அடிக்க ஆரம்பித்த இரண்டாம் நாள் காலை நாஷ்டா முடித்து வந்து பார்த்தால் மூன்றாவது உருளைக்கு முன்னால் இரும்பு மூடி இல்லை. மூடி இல்லாமலே ஓடும்படி ஸ்விட்சையும் மாற்றியிருந்தார்கள். ஓடுகிற பிளேட்டைத் துணி சுற்றிய குச்சியால் துடைப்பதற்கு ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள். அவர் முனிரத்தினம். பள்ளிப்பட்டுப் பக்கம் ஊர். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், மெஷினைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்து நாலைந்து பேரோடு தங்கியிருந்தார். சாப்பிடும் இடத்தில் ஒரே ஒரு முறை என்னிடம் பேசியிருக்கிறார். "அந்தப் பொட்டு யாரு கண்ணுக்குக்கா தெரியப்போவுது?" என்று கேட்டார். "என் கண்ணுக்குத் தெரியுதே" என்றேன். சிரித்தார்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. நான் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மெஷின் நின்றதைத்தான் கேட்டேன். நாள் முழுக்க ஓடுகிற மெஷின் திடீரென்று நின்றால் காது அடைத்தாற்போல் இருக்கும். திரும்பிப் பார்த்தபோது ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். துணி உருளையில் சிக்கி, துணியோடு கை, கையோடு தோள்பட்டை வரை போயிருந்தது. உருளையைப் பின்னால் சுற்றித்தான் அவரை எடுக்க முடிந்தது. கம்பெனி வேனில் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். சாலை வேலைக்காக வழியை மாற்றிவிட்டிருந்தார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மறுநாள் அரசாங்க அதிகாரிகள் வந்தபோது மூடி அதன் இடத்தில் இருந்தது. தொழிலாளி அனுமதியில்லாமல் மூடியைத் திறந்து, தன் கவனக்குறைவால் கையை விட்டுவிட்டார் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. சந்தானம் சார் அதில் கையெழுத்துப் போட்டார். மெஷின்காரரும் போட்டார். எங்களை யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் மூக்கர் ஓவியம் பொட்டில்லாமல் அச்சாகி முடிந்தது. நான்தான் சரி பார்த்தேன்.

கேன்டீனில் கை கழுவும் இடத்துச் சுவரில் அந்தப் படம் ஒட்டியிருந்ததை, எங்கள் பிரிவில் முதலில் பார்த்தவள் நான்தான். கழித்த ஷீட் ஒன்றின் பின்பக்கம், கறுப்பு மையால் வரைந்தது. புத்தகத்தின் வலது பக்கத்துக் கோடுகள் அப்படியே இருந்தன. சந்தானம் சார், முழ நீள மூக்கோடு, மூக்கரின் ஓவியத்தின்மேல் குனிந்து லென்ஸ் வழியாகக் கன்னத்துப் பொட்டைப் பார்க்கிறார். மெஷினின் இரும்பு மூடியைக் குடைபோலக் கக்கத்தில் இடுக்கியிருக்கிறார். அவர் காலடியில் இரண்டு உருளைகள். நடுவில் ஒரு கை மட்டும் வெளியே இருக்கிறது.

கேலிப் படம்தான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. கழுவிய கையைத் துடைக்க மறந்து நின்றோம். செக்யூரிட்டி வந்து கிழிக்காமல் பிரித்து எடுத்துப்போனார்.

அப்படிக் கோடு இழுக்கத் தெரிந்தவன் ஆலையில் ஒருவன்தான். அன்றே நூர்தீனை இடைநீக்கம் செய்தார்கள். குற்றக் குறிப்பாணை வந்தது. துணைக்கு உட்காரச் சங்கச் செயலாளரைக் கேட்டான். "சாவுல இன்னாடா கேலி உனக்கு?" என்று அவர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதும் நியாயம் என்று நினைத்தவர்கள் உண்டு. பிறகு என் வீட்டுக்கு வந்தான்.

"ஏன் நானு?" என்றேன்.

"வட்டம் போட்டது நீதானேக்கா. அந்தப் பொட்டுக்காவத்தான் மூடியக் கழட்டுனாங்கன்னு உனக்குத் தெரியும்."

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். "நம்ம ஊட்ல உன் சம்பளம் ஒண்ணுதான் நெலையானது" என்றார். அது உண்மை. எனக்கும் பயம்தான். ஆனால் நூர்தீன் குறிப்பாணையில் ஒரு வார்த்தையின்மேல் விரல் வைத்துக் காட்டினான். மேலதிகாரியை இழிவுபடுத்தும் பொய்யான சித்திரம் என்று இருந்தது. "பொய்யின்னு போட்டுக்கிறாங்க. எது பொய்யின்னு மட்டும் கேளுக்கா. வேற ஒண்ணும் கேக்க வேணாம்."

விசாரணை எப்படி நடக்கும் என்று தேன்மொழி கேட்டாள். எங்களுக்கு மாடியில் பயிற்சி அறையில் நடந்தது. நடுவில் விசாரணை அதிகாரி, திருவள்ளூர் கோர்ட்டில் வக்கீல். ஒரு பக்கம் நிர்வாகத்துக்காகப் பணியாளர் துறை அதிகாரி. எதிர்ப் பக்கம் நூர்தீனும் நானும். கேள்வியும் பதிலும் கையால் எழுதப்படும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைக்கு வந்தவர் சாட்சியைக் கேள்வி கேட்கலாம், வாதாடக் கூடாது. அதிகாரி "சம்பந்தமில்லை" என்றால் அந்தக் கேள்வி பதிவாகாது.

நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன். முனிரத்தினத்துக்கு மெஷின் வேலை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சம்பந்தமில்லை. மெஷின்காரரைக் கூப்பிட முடியுமா? சம்பந்தமில்லை. நாம் அச்சடித்த புத்தகத்தில் ஒரு நாட்டு மந்திரியையே இப்படித்தானே வரைந்திருக்கிறார்கள் என்று ஷீட்டை எடுத்து நீட்டினேன். வக்கீல் வாங்கிப் பார்க்கவில்லை. "அது இங்கிலாந்தும்மா. இது கும்மிடிப்பூண்டி" என்றார். ஷீட்டை மடித்து வைத்துக்கொண்டேன். செக்யூரிட்டி, கேன்டீன் சூப்பர்வைசர் என்று சாட்சிகள் வந்துபோனார்கள். படத்தை எங்கே பார்த்தீர்கள், எப்போது எடுத்தீர்கள். செத்தவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியாகச் சந்தானம் சார் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் லென்ஸ். என்னைப் பார்த்து வழக்கம்போல் தலையசைத்தார். நிர்வாகத் தரப்பில் கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். இந்தப் படத்தால் மனம் புண்பட்டதா? ஆமாம். தொழிலாளர்கள் முன் மதிப்புக் குறைந்ததா? ஆமாம். என் முறை வந்தது.

"சார், மெமோவுல பொய்யான சித்திரம்னு போட்டிருக்காங்க. இந்தப் படத்துல எது பொய் சார்?"

பணியாளர் துறை அதிகாரி உடனே மறுப்புச் சொன்னார். வக்கீல் குறிப்பாணையை எடுத்துப் பார்த்தார். "வார்த்தை நீங்க போட்டதுதானே. கேக்கட்டும்" என்று படத்தைச் சாரிடம் நகர்த்தினார்.

சார் லென்ஸை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார். அந்த அறையிலும் யாரும் பேசவில்லை. பிறகு, என் மேசையில் ஷீட்டைப் பார்ப்பாரே அதேபோல, மேல் மூலையிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தார்.

"மூக்கு" என்றார். "எனக்கு இவ்வளவு நீளம் இல்லை."

எழுதினார்கள்.

"வேற சார்?"

லென்ஸ் படத்தின் நடுவில் நின்றிருந்தது.

"மூடி" என்றார். "அதை நான் கக்கத்துல வெச்சிக்கல. கழட்டி ஸ்டோர் ரூம்ல வெக்கச் சொன்னேன்."

பணியாளர் துறை அதிகாரி எழுந்துவிட்டார். எழுதுகிறவரின் பேனா நின்றது. வக்கீல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், யோசிச்சுச் சொல்லுங்க. இது பதிவாகும்" என்றார்.

"தெரியும். சொன்னதை எழுதச் சொல்லுங்க."

"வேற எது பொய் சார்?" என்று கேட்டேன்.

"வேற ஒண்ணும் இல்ல" என்றார். லென்ஸை மடக்கிப் பையில் வைத்தார். பிறகு நூர்தீன் பக்கம் திரும்பினார். "வரைஞ்சதை நான் மன்னிக்கப் போறதில்ல. அந்தக் கையை நீங்க போட்டிருக்கக் கூடாது." பக்கம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அவரை நல்லவர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. மூடியைக் கழற்றச் சொன்னவர் அவர். இறந்தவர் மேல் பழி போட்ட காகிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். பள்ளிப்பட்டுக்கு அவர் ஒரு முறைகூடப் போகவில்லை. அன்றைக்கு ஏன் உண்மையைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு படத்தைக் கையில் கொடுத்து ஒத்துப்போகாதது எது என்று கேட்டால், அவரால் வேறு மாதிரிப் பதில் சொல்ல முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு மாதத்துக்குள் ஆலையை விட்டுப் போய்விட்டார். அவராகப் போனாரா, போகச் சொன்னார்களா என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

நூர்தீனை வேலையிலிருந்து நீக்கினார்கள். பொய் என்ற குற்றம் நிரூபணம் ஆகவில்லை என்று வக்கீல் எழுதியிருந்தார். ஆனால் கம்பெனித் தாளையும் மையையும் எடுத்தது, அனுமதியில்லாமல் சுவரில் ஒட்டியது, ஒழுங்கைக் குலைத்தது எல்லாம் நிரூபணமாகிவிட்டதாம். அது போதுமாக இருந்தது. இப்போது பழவேற்காட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறான். என்னை மடிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். வெகுகாலம் கழித்துத்தான் பழைய மேசைக்கு வந்தேன்.

விசாரணை நடவடிக்கைகளின் பிரதியைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்கள். அதைத்தான் முனிரத்தினத்தின் மனைவி சுகுணா பிறகு போட்ட வழக்கில் அவள் வக்கீல் காட்டினார். வழக்கு இழுத்தது. கடைசியில் கவனக்குறைவு என்ற சொல் முனிரத்தினத்தின் பெயரிலிருந்து எடுபட்டது.

அந்தப் பிரதியைக் கொடுக்க நானும் நூர்தீனும் போயிருந்தோம். திருத்தணி போய் அங்கிருந்து பள்ளிப்பட்டு பஸ். ஊருக்கு வெளியே கரும்புக் கொல்லையை ஒட்டிய வீடு. சுகுணாவுக்கு என்ன வயது இருக்கும், என் மூத்த மகள் வயதுதான். மாமனார் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகன் சொன்ன பேச்சைக் கேட்காமல் கையை விட்டுவிட்டான் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஊரிலும் அதே பேச்சு.

"ஆபீசரே சொன்னாராக்கா?" என்றாள் சுகுணா.

"சொன்னாரு."

"எழுதிக்கினாங்களா?"

"எழுதி, கையெழுத்தும் போட்டாரு."

"படிக்கா. சத்தமா படி. எங்க மாமாவுக்குக் காது மந்தம்."

படித்தேன். மூடியை ஸ்டோர் ரூமில் வைக்கச் சொன்னேன் என்ற வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார் பெரியவர். படித்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தோடு படத்தின் நகலைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தேன். முடியவில்லை. சுகுணா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே அங்கே வந்துவிட்டாள்.

"யாரு வரைஞ்சது?"

"நான்தாம்மா" என்றான் நூர்தீன். கண்ணைத் தூக்கவில்லை.

"நீ அங்க இருந்தியா?"

"இல்லமா. மத்தவங்க சொல்லக் கேட்டு வரைஞ்சேன்."

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுடைய பெண் குழந்தை, பேச்சு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், கன்னுக்குட்டியோடு விளையாடுவதை விட்டுவிட்டு ஓடிவந்து மடியில் ஏறியது. படத்தைக் கண்டதும் விரலை வைத்தது. சந்தானம் சார் முகத்தின்மேல்.

"நைனாவா?"

"இல்லடி. இவுரு ஆபீசரு."

"நைனா எங்க?"

நூர்தீன் எழுந்து வெளியே போனான். சுகுணா தன் உள்ளங்கையை விரித்து, படத்தின் கீழ்ப்பக்கம் உருளைகளும் அந்தக் கையும் இருந்த இடத்தில் வைத்து மூடினாள்.

"இதுல நைனா இல்ல" என்றாள்.

குழந்தை அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தது. அவள் கையை எடுக்கவே இல்லை.